கடைசிப் பந்தியில் உட்காருங்கள்: நெல்லைச் சீமை அசன விருந்து

நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர், இடையன்குடி எனப் பனங்காட்டுச் சீமைக் கிறிஸ்தவ சபைகளில், ஆலயம் பிரதிஷ்டை செய்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் காலையில் திருவிருந்து ஆராதனை, மதியம் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனம். காசு கொடுத்து வாங்குகிற சாப்பாடு இல்லைதான். ஆனாலும் இதைத் தரம் பார்த்துச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவரிலொருவர் வைக்கும் அன்புதான் தம்முடைய சீஷருக்கு அடையாளம் என்று யோவான் 13:35-ல் இயேசு சொன்னாரே, அதைச் சபை ஊரறியச் செய்துகாட்டும் இடம் இந்தப் பந்திதான்.

முதலில் சாப்பாடு. ஊருக்கு ஊர் மாறினாலும் பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறு, சாம்பார், கத்திரிக்காயோ வாழைக்காயோ சேர்த்த ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். 1000 பேருக்கு 125 கிலோ அரிசி, எலும்போடு 80 கிலோ கறி, 25 கிலோ காய், 20 கிலோ துவரம்பருப்பு இருந்தால் ஒருவருக்கும் குறையாது. இந்தக் கணக்கில் ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு கறி கிடைக்கும். விறகடுப்பில் மெதுவாக வெந்த கறியும், அதன் சாறு இறங்கிய கத்திரிக்காயும் கல்யாண மண்டபச் சமையலில் கிடைக்காத ருசி. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

கெடுவது எங்கே என்றால் சோற்றில். 10 கிலோ வீதம் பன்னிரண்டு பதின்மூன்று தடவை வடித்து இறக்க வேண்டும். விடியற்காலையிலேயே மொத்தத்தையும் வடித்து ஒரே குவியலாகப் போட்டால் அடியில் இருக்கும் சோறு ஆவி போக வழியில்லாமல் வியர்த்து, பிசுபிசுத்து, மத்தியானத்துக்குள் வாடை தட்டிவிடும். ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்து ஒரு அடிக்கு மேல் உயராமல் பரப்ப வேண்டும். கடைசி நான்கு இறக்கலை முதல் பந்தி உட்கார்ந்த பிறகு வடிப்பதே சரி. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் வெயில் ஏற ஏறப் புளிக்கும். அரைப்பைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் பந்தி முடியாது என்று தெரிந்தால் தேங்காயே வேண்டாம்.

இனி பரிமாறுதல். அசனத்தை நாங்கள் எடைபோடுவது இதை வைத்துத்தான். 250 இலை ஒரு பந்தி. சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, துடைத்து, மறுபடி போட அரைமணிக்கு மேல் ஆகும். ஆராதனை 11 மணிக்கு முடிந்தால் நாலாவது பந்தி எழும்போது மணி இரண்டைத் தொடும். அந்த நாலாவது பந்தியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். விறகு தூக்கியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், காலையில் வேலைக்குப் போய்விட்டு ஓடிவந்தவர்கள், கூட்டத்தில் முண்டியடிக்கத் தெரியாத கைம்பெண்கள். முதல் பந்தியில் கரண்டி பிடித்தவர் தெரிந்த முகங்களுக்கு அடியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டிருந்தால், இவர்களுக்கு எலும்பும் சாறும்தான் மிஞ்சும். அதையும் வெந்நீர் விட்டுப் பெருக்கி ஊற்றுகிற சபை உண்டு. அங்கே ஆராதனையில் பாடல் எவ்வளவு இனிமையாக இருந்திருந்தாலும் அந்த அசனம் தோற்றது என்றுதான் சொல்வோம்.

பைபிள் காலத்தில் கொரிந்து நகரத்துச் சபையில் நடந்தது இதே தவறுதான். சிலர் முந்திக்கொண்டு நிறையச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அப்போஸ்தலர் பவுல் இதைச் சாதாரண ஒழுங்குக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவனுடைய சபையை அசட்டைபண்ணுகிறீர்கள் என்று கடிந்துகொண்டு, "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதினார்.

தீர்வு சமையல் கொட்டகையிலேயே இருக்கிறது. 80 கிலோ கறியை 20 கிலோ வீதம் நான்கு அண்டாவில் ஏற்றுங்கள். பந்திக்கு ஒரு அண்டா. நாலாவது அண்டாவை மூடி, மேலே கனம் வைத்து, கண்டிப்பான ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாளியில் அள்ளுமுன் அடிவரை கிளற வேண்டும். கறி அடியிலும் எண்ணெயும் மசாலாவும் மேலேயும் தங்குவதால், கிளறாமல் அள்ளுகிற ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு ருசியில் போகும். 25 இலைக்கு ஒருவர் சோற்றுக்கு, ஒருவர் குழம்புக்கு. இதற்குக் குறைந்தால் வரிசையின் கடைசி இலையில் சோறு ஆறிக் கிடக்கும்.

யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதும் எங்கள் மதிப்பீட்டில் சேரும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகிப்போனார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரம், ஒரே பந்தி என்பது அவ்வளவு கசந்தது. ஆகையால் தலைக்கட்டுக்கு ஒரு மூலை என்று பிரிந்து உட்காரும் அசனத்துக்கு எந்தச் சலுகையும் தரமுடியாது. வந்த வரிசைப்படி இலை. சபைப் போதகரான சேகரகுரு, கமிட்டிக்காரர் எல்லாருக்கும் அதுவே. தனி மேசை போட்டால் மதிப்பெண் குறையும்.

அசனச் செலவுக்குக் குடும்பங்களிடம் வாங்கும் வரி விஷயத்தில் ஒரு வார்த்தை. அசன வரி கட்டாத குடும்பத்தின் பெயரைப் பலகையில் எழுதிப்போடும் பழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். பணம் இல்லாதவர் விறகாகக் கொடுக்கலாம், முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்க வரலாம். 30 கிலோ சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தாலும் ஒரு கைக்கு மணிக்கு ஒரு கிலோதான் நகரும். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. ஆண்டு முழுக்க முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டார் ஒரே அருவாமனைக்குப் பக்கத்தில் பேச ஆரம்பிப்பது இந்த நேரத்தில்தான். அதனாலேயே முழுச் சமையலையும் கேட்டரிங்கில் விடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஆள் கிடைக்காத சிறு சபைகள் சோறு வடிக்க மட்டும் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு, நறுக்குவதையும் பரிமாறுவதையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நல்ல அசனத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் பந்திக்கு ஜெபம் பண்ணுவதற்கு முன்னாலேயே சமையல் கொட்டகையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் பெயர்ப் பட்டியலைச் சபை ஊழியரான உபதேசியார் வாசிக்க, வாலிபர்கள் தூக்குச்சட்டிகளில் சோறும் கறியும் நிரப்பிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தால், தாராளமாகக் கடைசிப் பந்திவரை காத்திருக்கலாம்.