டிப்ஸுக்கு ஜிபே சரிப்பட்டு வருமா?

ஏசி ஹால் ஓட்டல்களில் பில் அட்டையிலேயே க்யூஆர் கோடு ஒட்டி வருகிறது. பில் கட்ட நல்ல வசதி. டிப்ஸுக்கு, சர்வர் பக்கம் நின்று பார்த்தால், மகா மோசம்.

சாப்பாடு 840 ரூபாய், 5% ஜிஎஸ்டி 42, ஆக 882. வாடிக்கையாளர் ‘மீதியை வச்சுக்கோங்க’ என்று 900 அனுப்புகிறார். அந்த 18 ரூபாய் முதலாளியின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். கல்லாவில் யாராவது குறித்து வைத்தால்தான் சர்வர் கைக்கு வரும். கூட்ட நேரத்தில் யார் குறிப்பார்கள்?

882-ஐ மட்டும் ஜிபேயில் கட்டுங்கள். நாற்பது, ஐம்பதை நோட்டாக அட்டைக்குள் வையுங்கள். சோம்புத் தட்டில் சில்லறை போட்டால் மேசை துடைப்பவர் தட்டோடு அள்ளிக்கொண்டு போவார். (அவருக்கும் ஒரு பத்து கொடுத்தால் தப்பில்லை.)

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருக்கிறதா? அது டிப்ஸ் அல்ல, வரியும் அல்ல. தானாகச் சேர்க்கக் கூடாதென்று 2022 ஜூலையிலேயே விதி வந்தது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். ஆனால் அந்தக் கோபத்தைச் சர்வரிடம் காட்டாதீர்கள், பில் போட்டது அவரல்ல.