பனோரமா ஹெட்டோடு சூரிச்சில் ஏழு ஆண்டுகள்

2018 கோடையில் ஒரு பனோரமா ஹெட் வாங்கினேன். ட்ரைபாட் மேல் பொருத்தி, கேமராவைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்றும் கருவி. சுற்றிலும் எடுத்த படங்களை ஒட்டி, 360 டிகிரி காட்சியை ஒரே படமாக்கத்தான் இது. அதோடு ஓர் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, மிக அகலமாகப் பார்க்கும் 8 மிமீ ஃபிஷ்ஐ லென்ஸ். இன்றுவரை அதே செட்தான். 60 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றிலும் ஆறு படம், வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. PTGui என்ற மென்பொருளில் ஒட்டினால் அகலம் 12,000 பிக்சலை நெருங்கும். முதல் இரண்டு வருடம் இலவசமாகக் கிடைக்கும் ஹக்கினில் ஒட்டினேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

ஹெட் எதற்கு, கையில் பிடித்தே சுற்றலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பெல்வியூ டிராம் சந்திப்பில் நின்று தலைக்கு மேலே பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகள். லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் குறுக்கிடுவதாகத் தோன்றும் புள்ளி (புகைப்படக்காரர்கள் நோடல் பாயிண்ட் என்பார்கள்) சுழலும் அச்சிலிருந்து சற்று விலகினாலும் பேரலாக்ஸ், அதாவது பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழை, வந்துவிடும். ஒட்டிய படத்தில் ஒவ்வொரு கம்பியும் நடுவில் முறிந்து நிற்கும். அருகில் ஒரு கம்பம், தூரத்தில் ஒரு கம்பம், இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் கேமராவைச் சுழற்றி, அவை பிரியாத இடம் வரும்வரை ஹெட்டின் தண்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒரு ஞாயிறு முழுக்க இதற்கே போனது. அந்த இடத்தில் போட்ட குறியை அப்புறம் மாற்றவே இல்லை.

விழாக்களில்தான் இந்தக் கருவியின் உண்மையான சோதனை. சூரிச்சில் ஏப்ரலில் செக்செலாய்டன் என்று ஒரு வசந்த விழா. பழைய தொழிற்குழுக்கள் ஊர்வலமாக வருவார்கள். மாலை 6 மணிக்கு ஓபரா அரங்கத்துக்கு முன்னால் உள்ள திடலில் விறகு அடுக்கி, குளிர்காலத்தைக் குறிக்கும் பியோக் என்ற பனிமனித பொம்மையை எரிப்பார்கள். அதன் தலை எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறதோ அவ்வளவு நல்ல கோடை என்பது நம்பிக்கை.

2023இல் தலை வெடிக்க 57 நிமிடம் ஆனது. அன்று மழை வேறு. தீ வைத்ததும் மற்ற ஐந்து திசைகளை எடுத்து முடித்துவிட்டு, கேமராவை நெருப்புப் பக்கம் திருப்பிக் காத்திருந்தேன். ஃபிஷ்ஐ கண்ணாடி முன்னால் புடைத்துக்கொண்டு நிற்பதால் துளி விழுந்தபடியே இருந்தது. துடைக்கத் துடைக்க விழுந்தது. வெடித்த நொடி கிடைத்தது. வீட்டில் ஒட்டிப் பார்த்தால் ஒளி பொருந்தவில்லை. ஒரு பக்கம் 6 மணி வெளிச்சம், இன்னொரு பக்கம் 7 மணி மங்கல். எல்லோரும் சேர்ந்து கத்திய அந்த நிமிடத்தில் என் படத்துக் கூட்டம் மட்டும் பொறுமையாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். நெருப்புதான் முதல் படம். வெடித்த அடுத்த ஒரு நிமிடத்துக்குள் மற்ற திசைகள். எக்ஸ்போஷர் (ஒளி அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றும் படத்துக்குப் படம் மாறாதபடி முன்பே பூட்டி இருக்க வேண்டும்.

2024இல் பலத்த காற்றால் எரிப்பையே ரத்து செய்தார்கள். பியோக் ஜூனில் ஹைடன் என்ற ஊரில் எரிந்தது. விழா நாளின் அந்தக் காற்றில் எனக்கு ட்ரைபாட் நடுத்தண்டில் கேமரா பையைத் தொங்கவிட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

ஆகஸ்டில் ஏரிக்கரையில் நடக்கும் ஸ்ட்ரீட் பரேடு என்ற இசை ஊர்வலத்துக்கு இந்த ஹெட்டைக் கொண்டுபோகாதீர்கள். அந்த நெரிசலில் ட்ரைபாட் விரிப்பது மற்றவர்களுக்குத் தொந்தரவு, ஆபத்தும்கூட. இசை வண்டிகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே நீளக் கம்பின் நுனியில் ஒரே கிளிக்கில் எடுக்கும் சிறிய 360 கேமராதான் சரி. நுணுக்கம் குறையும், ஆனால் எல்லாத் திசையும் ஒரே நொடியில் பதிவதால், நகர்கிறவர்கள் இரண்டு படத்தில் விழுந்து இரண்டு தலையோடு வரமாட்டார்கள். அருகில் நின்றவர்களின் முகத்தை மங்கலாக்கித்தான் எதையும் வெளியிடுகிறேன்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாவது குளிர்காலத்தில் பிளாஸ்டிக் திருகின் பிடி தேய்ந்தது. ஒவ்வொரு 60 டிகிரிக்கும் 'டக்' என்று நிற்க வேண்டிய வளையம் இப்போது தொளதொள. அளவுகோல் எண்கள் அழிந்துவிட்டன. சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டு ஓட்டுகிறேன். இரவில் குவாய் பாலத்தில் எடுத்தால் டிராம் கடந்து அதிர்வு அடங்கும்வரை காத்திருங்கள். அது கருவியின் தவறில்லை. கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயக் கோபுரத்துக்கு 187 படி ஏறும்போது ஹெட்டைத் தூக்கிப் போவதில்லை. லென்ஸில் நூல் கட்டி, நுனியில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட்டு, அது தரையில் ஒரே புள்ளிக்கு மேல் நிற்கும்படி நானே சுற்றுகிறேன். பத்துக்கு ஏழு முறை ஒட்டுகிறது.

நான் அதிகம் நேசிக்கும் படங்கள் செக்செலாய்டன் இரவில், கூட்டம் கலைந்த பிறகு எடுத்தவை. மக்கள் மண்வெட்டியோடு வந்து தணலை வாரிப் பரப்பி, அதில் சாசேஜ் சுடுவார்கள். வெளிச்சம் எல்லாம் தரையிலிருந்துதான் வரும். படத்துக்கு இரண்டு விநாடி எக்ஸ்போஷர் தேவை. சூட்டுக்கு நெருங்கி நிற்கிறவர்கள் அவ்வளவாக அசைவதில்லை. சென்ற முறை 8 படத்தையும் ஒட்டிப் பார்த்தபோது இரட்டையாக விழுந்தது ஒரே ஒரு இடம்: சாசேஜைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் கை. அதை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.