நாற்காலிக் குஷனுக்குள்ளே என்ன வைப்பது: இலவம் பஞ்சா, ஸ்பாஞ்சா?

நாற்காலிக்கு வீட்டிலேயே குஷன் தைக்கப் போகிறவர்கள் முதலில் ஓடுவது துணிக்கடைக்குத்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம், பர்கூர் பக்கத்திலேயே இருக்கிறது, கட் பீஸ் பார்க்கலாம் என்று இறங்கினால் நாலு நாற்காலிக்குப் போய்விட்டு ஊருக்கே தைக்கிற அளவுக்குத் துணியோடு வருவோம். ஆனால் உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் துணி வாங்குவது வீண். துணியை எந்த அளவில் வெட்டுவது, ஜிப் வேண்டுமா, எப்படித் துவைப்பது எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஸ்பாஞ்சை எடுத்துக்கொள்வோம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண், கெட்டியா மெத்தா என்பது வேறு விஷயம். ஒரே டென்சிட்டியில் மெத்தென்று ஒன்றும் கெட்டியாக ஒன்றும் கிடைக்கும், அதனால் கையால் அமுக்கிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். வீட்டில் சமையல் தராசு இருந்தால் வேலை சுலபம்: 18 அங்குலச் சதுரம், 2 அங்குலக் கனம் உள்ள துண்டு 32 டென்சிட்டியில் சுமார் 340 கிராம் வரும், 40 என்றால் 425 கிராம் பக்கம் வர வேண்டும். 40 என்று சொல்லிக் கொடுத்தது 300 கிராம்கூட வரவில்லை என்றால், சரி, அடுத்த தடவை வேறு கடை. தினமும் மணிக்கணக்கில் உட்காருகிற நாற்காலிக்கு 40தான் என் ஓட்டு. எப்போதாவது விருந்தாளி வந்தால் உட்காரும் நாற்காலிக்கு 32 போதும்.

இலவம் பஞ்சின் சுகமே தனி, அதை ஸ்பாஞ்ச் தராது. இழையின் உள்ளே வெறும் காற்று, மேலே மெழுகு போல ஒரு பூச்சு, அதனால்தான் அவ்வளவு லேசு, தண்ணீரும் சட்டென்று ஏறாது. தர்மபுரி சித்திரை வெயிலில் மதியம் ஸ்பாஞ்ச் குஷனில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதுகுக்குக் கீழே நசநசவென்று இருக்கும், உடம்புச் சூட்டை அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சில் அவ்வளவு தெரியாது. ஓசூரில் அவ்வளவு வெயில் இல்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஆனால் பஞ்சு நடுவில் அமுங்கும், ஓரத்தில் ஒதுங்கும். கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்து, மேலிருந்து கீழே குத்தி இறுக்கி, நாலைந்து இடத்தில் முடிச்சுப் போட்டால் ஓரளவு நிற்கும். மெத்தைக்காரர்கள் செய்வது அதுதான். அப்படியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நாற்காலிக்கு இலவம் பஞ்சு வேண்டாம். தாத்தா பாட்டி சாய்ந்திருக்கிற ஈஸி சேருக்கு அதைவிட நல்லது இல்லை. தாத்தா பீடி பிடிப்பவர் என்றால் மட்டும் யோசியுங்கள், பஞ்சு நொடியில் பற்றும். ஸ்பாஞ்சும் எரியும், புகை அதைவிட மோசம்.

தைக்கும்போதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தெரியும். ஸ்பாஞ்சுக்கு உறை கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். 18 அங்குலத் துண்டுக்குத் துணியைப் பதினெட்டரையாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் உறை பதினேழரை வரும், ஸ்பாஞ்சை அமுக்கி உள்ளே தள்ளினால் மூலை எல்லாம் விறைப்பாக நிற்கும். சரியாக 18 வருகிற மாதிரி தைத்தால் கொஞ்ச நாளிலேயே மேலே சுருக்கம் விழும். பஞ்சுக்கு நேர் எதிர். அடைக்க அடைக்கப் பை உப்பி, நீள அகலம் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் நாற்காலி அளவைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் கூட வைத்து வெட்ட வேண்டும். அதோடு நெருக்கமாக நெய்த துணியில் ஓர் உள்பை கட்டாயம், இல்லையென்றால் பஞ்சு இழை இழையாக வெளியே வந்து கறுப்பு பேண்ட் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

துவைக்கிற விஷயத்தில் இரண்டுமே உறையைத்தான் கழற்றித் துவைக்க வேண்டியவை. ஆகவே பின்பக்கம் முழு அகலத்துக்கும் ஜிப் வையுங்கள், சின்ன ஜிப் வைத்தால் ஸ்பாஞ்சை மறுபடி உள்ளே திணிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பஞ்சை நனைத்தால் கட்டி கட்டியாகிவிடும், நனைக்காமல் அப்படியே வெயிலில் காயப்போட்டுத் தட்டினாலே மறுபடி பொங்கும். ஸ்பாஞ்சை அதே வெயிலில் போட்டுவிடாதீர்கள், மஞ்சளாகி ஓரம் பொடிப்பொடியாக உதிரும். நிழல்தான் அதற்கு.

பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்துத் தைப்பது மூன்றாவது வழி. செலவே இல்லை, முழுசாகத் துவைக்கலாம், ஆனால் அத்தனை மடிப்பில் மெஷின் ஊசி இறங்காது, கையால்தான் தைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அது போதும்.

மேல்துணிக்கு என்னைக் கேட்டால் கேன்வாஸ்தான், வெட்டும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது. 16ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். ரெக்ஸின் துடைக்கச் சுலபம் என்று ஆசைப்படுகிறவர்கள் தையலை நீளமாக வையுங்கள், நெருக்கிக் குத்தினால் அந்த ஓட்டை வரிசையிலேயே கிழியும். அடிப்பக்கத்துக்கு ரெக்ஸின் போடாமல் சாதாரணத் துணி போடுங்கள். நாலு பக்கமும் ரெக்ஸினால் மூடினால் உட்காரும்போது காற்று போக வழியில்லாமல் தையல்தான் முதலில் விடும்.