பாட்டிலில் வரும் திராட்சை இலை: வரக் எனபுக்குத் தேறுமா?

லெபனான், சிரியா, பாலஸ்தீன வீடுகளில் வசந்தகாலத்து இளந்தளிரில்தான் வரக் எனப் (அரிசிப் பூரணம் வைத்துச் சுருட்டி வேகவைக்கும் திராட்சை இலை) சுருட்டுவார்கள். பருவம் தப்பினால் கைகொடுப்பது கண்ணாடிப் பாட்டிலில் உப்புநீரில் ஊறிய இலை. கறி வைத்துச் செய்ய அது தாராளமாகப் போதும். கறியில்லாமல் ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவிட்டுச் சாப்பிடும் யாலஞ்சிக்கு அரை மனதோடுதான் சொல்ல முடியும். உப்புநீரில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு தக்காளி, பார்ஸ்லி, புதினா மணத்தை அமுக்கிவிடுகிறது. ஆட்டுக்கொழுப்பு என்றால் அந்தப் புளிப்புக்கு ஈடுகொடுக்கும்.

வெளிச்சுற்றில் தெரியும் இலைகள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முரட்டு நரம்பும் ஓட்டையும் உள்சுற்றில் ஒளிந்திருக்கும், இதுதான் இந்தப் பண்டத்தின் பெரிய குறை. அதனால் தேவைக்கு மேல் பத்து இலையாவது கையிருப்பு வேண்டும். பாட்டிலிலிருந்து இழுத்து எடுத்தால் கிழியும். உப்புநீரை வேறு பாத்திரத்தில் வடித்து வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றி, நடுச்சுருளை முதலில் தளர்த்தி எடுக்க வேண்டும்.

பிறகு வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, ஓர் ஓரத்தைக் கடித்துப் பார்க்கவும். உப்பு இன்னும் தூக்கலாக இருந்தால் மறுபடியும் ஊறட்டும். கொதிக்க வைக்கத் தேவையில்லை. பச்சை இலையைத்தான் நிறம் மங்கும்வரை ஓரிரு நிமிடம் கொதிநீரில் போட வேண்டும். பாட்டில் இலைக்கு அதைச் செய்தால் சுருட்டும்போதே பிய்ந்துவிடும்.

சுமார் 60 இலைக்கு எகிப்திய குட்டை அரிசி 200 கிராம் (அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தது), கொழுப்போடு கொத்திய ஆட்டுக்கறி 250 கிராம், ஆல்ஸ்பைஸ் (மிளகு போல உருண்டையான ஒரு வாசனைப் பொருள்), மிளகு, பட்டைத்தூள், ஒரு கரண்டி நெய். உப்பு அரை தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பாஸ்மதி போட்டால் பருக்கை ஒட்டாது, கடித்தவுடன் பூரணம் கொட்டிவிடும்.

பளபளப்பான பக்கம் கீழே, நரம்புப் பக்கம் மேலே. காம்பைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து, இரு பக்கமும் மடித்துச் சுண்டுவிரல் பருமனில் சுருட்டவும். இறுக்கிச் சுருட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அரிசி உப்ப இடமில்லாமல் இலை வெடிக்கும், இல்லையென்றால் நடுவில் வேகாத பருக்கை நிற்கும்.

பானையின் அடியில் கிழிந்த இலைகள், மேலே உருளைக்கிழங்கு வில்லை அல்லது ஆட்டு விலா. அதன்மேல் மடிப்பு கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்கி, தட்டைக் கவிழ்த்து அழுத்தி, சுருள்கள் மூழ்கும்வரை தண்ணீர். கொதித்ததும் சிறுதீயில் சுமார் ஒரு மணி நேரம். எலுமிச்சைச் சாறு கடைசி 15 நிமிடத்தில் மட்டும்: முதலிலேயே ஊற்றினால் அமிலம் இலையை மெத்தென்று ஆகவிடாது, பாட்டில் இலையில் ஏற்கெனவே அமிலம் வேறு இருக்கிறது. இறக்கியவுடன் கவிழ்த்தால் அடுக்கு சரியும். அரை மணி நேரம் பொறுக்கவும்.

மிஞ்சிய இலையை வடித்து வைத்த உப்புநீரிலேயே முழுக மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.