'பிரவுசரே வேண்டாம், சர்வரே பிரிண்ட் எடுக்கும்' என்றார்கள். போனது 12 மாதச் சந்தா

கோபத்தோடுதான் எழுதுகிறேன், நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 12 மாதச் சந்தாவை மொத்தமாக முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு மென்பொருள் விற்பனையாளர் எனக்குப் பட்டை நாமம் போட்டுவிட்டார். இதே தேவையோடு தேடுகிறவர்கள் நேராக அவர்கள் விளம்பரத்தில்தான் போய் விழுவீர்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தேவை இதுதான். சர்வரில் இன்வாய்ஸ் எச்டிஎம்எல்லாக, அதாவது வலைப்பக்கம் எழுதும் மொழியில், தயாராகிறது. ராத்திரி யாரும் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்து பிரிண்ட் கொடுக்காமல், கட்டம், லோகோ, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குலையாமல் அது நேரே பிரிண்டருக்குப் போக வேண்டும். கேட்க எளிது. ஆனால் பிரிண்டருக்கு எச்டிஎம்எல் தெரியாது. அதற்குப் புரிவது போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்கிற பிரிண்டர் மொழிகள், சில மாடல்களில் நேரடியாக பிடிஎஃப். நடுவில் யாராவது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைப் படித்து, பக்கம் பிரித்து, எழுத்தை அதனதன் இடத்தில் வைத்துக் கொடுத்தாக வேண்டும். பிரவுசர் செய்கிற பெரிய வேலையே அதுதானே. அதைப் பிரவுசர் இல்லாமலே செய்யும் 'சொந்த எஞ்சின்' தங்களிடம் இருப்பதாக, மென்பொருள் பாகங்களை விற்கும் ஒரு இணையச் சந்தையில் போட்டிருந்தார்கள்.

பேசினேன். விற்பனையாளர் தன் திரையைப் பகிர்ந்து காட்டினார். என் இன்வாய்ஸ் மாதிரியையே கேட்டு வாங்கினார். கறுப்பு விண்டோவில் ஏதோ கட்டளை அடித்தார், பிடிஎஃப் வந்து நின்றது. ஏ5 தாள், முகவரியும் பில் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொரு பக்கத் தலையிலும் பட்டியல் தலைப்பு, தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில். "பிரவுசர் எங்க சார் ஓடுது? நீங்களே பாருங்க" என்று, ஓடுகிற நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரையும் திறந்துவிட்டார். நான் கேட்கவே இல்லை, அவராகவே திறந்தார். தானாகவே மடியைப் பிரித்துக் காட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? மாதச் சந்தா கிடையாது, சர்வர் உரிமம் என்றால் வருடம் முழுதும்தான் என்றார். 12 மாதச் சந்தாவையும் அப்போதே கட்டினேன்.

நிறுவி, சர்வரில் லாகின் செய்திருந்தபடியே எடுத்த முதல் தாளிலேயே சாயம் வெளுத்துவிட்டது. மேலே வலப்பக்கம் ஆங்கிலத்தில் பக்க எண். கீழே இடப்பக்கம் கோப்பின் முழுப் பாதை, வலப்பக்கம் தேதி. பழைய நாளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலிருந்து பிரிண்ட் எடுத்த எவருக்கும் இந்த அலங்காரம் பழக்கம். வாடிக்கையாளருக்குப் போகிற இன்வாய்ஸின் அடியில் என் சர்வரின் போல்டர் பெயர்! பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரிந்திருந்தன. ஏ5 என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதியதை யாரும் மதிக்கவில்லை.

தோண்டிப் பார்த்தேன். 'சொந்த எஞ்சின்' என்று விற்றது, விண்டோஸுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்ப்ளோரரின் வெப்பிரவுசர் கன்ட்ரோல், அதாவது வேறு நிரல்கள் தங்களுக்குள் பொருத்திக்கொள்ளும் பிரவுசர் துண்டு. அழைக்கிற நிரலுக்குள்ளேயே அது ஓடும், அதனால் டாஸ்க் மேனேஜரில் தனிப் பெயராக நிற்காது. அவர் அவ்வளவு தைரியமாகத் திறந்து காட்டியது அதனால்தான். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் மாற்றிச் சொல்லாவிட்டால் அது எக்ஸ்ப்ளோரர் 7 போல நடந்துகொள்ளும். அது 2006-இல் வந்தது. பெட்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. தாள் அளவு, ஓரம் எல்லாம் அந்தப் பயனர் கணக்கின் பேஜ் செட்டப், பிரிண்டர் அமைப்புகளிலிருந்து வரும், நாம் எழுதிய அளவிலிருந்து அல்ல. எக்ஸ்ப்ளோரர் 11-ஐயே 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. பிரவுசர் இல்லை என்று சொல்லி, செத்த பிரவுசரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் டெமோவில் வந்த அந்த அழகான பிடிஎஃப்? அதை மெயிலிலும் அனுப்பியிருந்தார். பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், தயாரித்தது 'ஸ்கியா பிடிஎஃப்' என்று இருக்கிறது. குரோம் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது விட்டுச்செல்லும் முத்திரை அது. எனக்கு விற்ற சரக்கில் அந்த முத்திரை வர வழியே இல்லை.

இதைவிடக் கொடுமை ராத்திரி நடந்தது. யாரும் லாகின் செய்யாதபோது ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே பின்னணியில் ஓடும் நிரல்களான சர்வீஸ்கள் செஷன் 0 என்ற தனி அறையில்தான் ஓடுகின்றன. அங்கே ஒரு டயலாக் திறந்தால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. இவர்கள் சரக்கு அங்கே போய் பிரிண்ட் டயலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது ஓகே அழுத்துவார்கள் என்று காத்துக்கிடக்கிறது! பின்னால் மொத்த வரிசையும் தேங்கிவிட்டது.

புகார் கொடுத்தேன். முதலில் பிரிண்டர் டிரைவர் சரியில்லை என்றார்கள். டிரைவரை மாற்றினேன். அடுத்து, உங்கள் எச்டிஎம்எல் தரமானதில்லை என்றார்கள். டெமோவில் ஓடியது அதே எச்டிஎம்எல்தான் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை, டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன். வந்த அறிவுரையைப் பாருங்கள்: "சர்வரில் ஒரு பயனர் எப்போதும் லாகின் செய்து, திரையைப் பூட்டாமல் வைத்திருக்கவும்." அதற்கு நான் ஒரு ஆளை உட்கார வைத்தே பிரிண்ட் எடுத்திருப்பேனே! 12 மாதச் சந்தாவைத் திருப்பிக் கேட்டால், உரிமச் சாவி ஒருமுறை இயங்கிவிட்டது, விதிப்படி பணம் திரும்பாது என்கிறார்கள். டெமோ காட்டியவர் இப்போது 'வேறு பிரிவில்' இருக்கிறாராம். நான் எழுதிய விமர்சனத்தை அந்தச் சந்தை பரிசீலனையில் வைத்திருக்கிறது. அவர்களுடைய ஐந்து நட்சத்திர விமர்சனங்களுக்கு அந்தப் பரிசீலனை நடந்ததாகத் தெரியவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. டெமோவில் வரும் பிடிஎஃப்பின் பிராப்பர்ட்டீஸை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் உங்கள் சர்வரில், எல்லாரும் லாக் அவுட் செய்த பிறகு ஒரு தாள் வருகிறதா பாருங்கள். வருடச் சந்தா மட்டும்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குரோம் 2017-இல் வந்த 59-ஆம் பதிப்பிலிருந்தே திரை இல்லாமல் ஓடி பிடிஎஃப் எழுதும், காசு கிடையாது. பிரவுசர் அறவே கூடாது என்றால் வீசிபிரிண்ட், பிரின்ஸ் போல வெளிப்படையாக விற்கிற, கொடுக்கிற எஞ்சின்கள் உண்டு. வந்த பிடிஎஃப்பை லினக்ஸில் கப்ஸ் என்ற பிரிண்டிங் அமைப்பு வழியாக பிரிண்டருக்குத் தள்ளிவிடலாம். சர்வரில் தமிழ் ஃபான்ட் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம்தான் வரும். டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் (wkhtmltopdf) என்ற பழைய கருவியை இன்னும் பலர் சொல்வார்கள். அதன் மூலநிரல் களஞ்சியத்தை 2023-லேயே பூட்டிவிட்டார்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம்.

அந்த பிடிஎஃப், மூடிய டிக்கெட்டுகள், பூட்டாத திரை அறிவுரை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 12 மாதச் சந்தாவைத் திருப்பிக் கேட்டு கார்டு கொடுத்த வங்கிக்கு இன்றைக்கே எழுதுகிறேன்.