பவுடர் வாசனையை நம்பாதீர்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை, ஒன்பது மாத அனுபவம்

அம்மாவுக்கு 2023 பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. மிச்சம் இருப்பது ‘சரி’, ‘வேணாம்’, அப்புறம் என் பெயரில் பாதி. மூன்று வாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஈப்போவில் வேலை, தம்பி சிங்கப்பூரில். அதனால் ஏப்ரல் முதல் ஆள் அனுப்பும் ஒரு சேவையை எடுத்தோம்: வாரம் மூன்று நாள், காலை 9 முதல் மதியம் 3 வரை, மணிக்கு 25 வெள்ளி (ரிங்கிட்). மற்ற நாள்களில் நானும் சித்தியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்கு மிக மோசமான ஆளை அனுப்பியதும் அவர்கள்தான், மிக நல்ல ஆளை அனுப்பியதும் அவர்கள்தான். எனவே பெயரைவிட எதைப் பார்த்து நல்லது கெட்டது என்று முடிவு செய்வது என்பதை எழுதினால்தான் ரப்பர் தோட்டப்பக்கம் வயதான அம்மா அப்பாவை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். எனக்கு அது தெரியாமல் போனதற்கு விலை கொடுத்தது என் அம்மாவின் உடம்பு.

முதலில் வந்த பெண் சின்னப் பிள்ளை, சுறுசுறுப்பு. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா தலைவாரி, பொட்டு வைத்து, கழுத்தெல்லாம் பவுடர் போட்டு அழகாகப் படுத்திருப்பார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. மேசையில் ஒரு தாள்: குளியல், பல், பெம்பஸ் (டயப்பர்), உணவு, திருப்பிப் படுக்கவைத்தது, எல்லாவற்றுக்கும் நேரத்தோடு அடையாளம் போட்டிருக்கும். மூன்று வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குப் பரிந்துரைகூடச் செய்தேன், அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு உடம்பு முடியவில்லை என்று நானே தனியாகக் குளிப்பாட்டினேன். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், பவுடர் மாவு மாதிரிப் பிசைந்து கட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டுத் துடைத்தால் உள்ளே தோல் வெந்து ஈரமாக இருந்தது. ஈரத்தைத் துடைக்காமல் அதன்மேலேயே தினமும் பவுடர் கொட்டியிருக்கிறார். ஒருக்களித்துத் திருப்பியபோது முதுகெலும்பு முடியும் இடத்தில், 50 காசு அளவுக்கு, மற்ற இடத்தைவிடக் கறுத்து ஊதா நிறத்தில் ஒரு திட்டு. தொட்டால் சூடு. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கெட்டி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படுக்கைப்புண் தொடங்கும்போது தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். வெயிலில் நாற்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் அம்மாவின் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும்? நம் தோலில் அது கறுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும், சில சமயம் நிறமே மாறாமல் சூடும் கெட்டித்தன்மையும் மட்டும் இருக்கும். அதனால் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதுகின் அடிப்பக்கம், இரண்டு குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை, காதுமடல். நல்ல வெளிச்சத்தில், வாரம் ஒருமுறையாவது, உங்கள் கையால். யார் வந்து பார்த்துக்கொண்டாலும் சரி.

அடுத்த வாரம் வேலையிலிருந்து சொல்லாமல் மதியம் 1.15க்கு வீட்டுக்கு வந்தேன். தாளில் 2 மணிக்குத் திருப்பிப் படுக்கவைத்ததாக அடையாளம் ஏற்கெனவே விழுந்திருந்தது. முந்தைய வாரத் தாள்களை எடுத்துப் பார்த்தால் 10, 12, 2, எல்லாம் ஒரே மூச்சில் ஒரே சாய்வில் போட்ட கோடுகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அத்தனை தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். “ஆளை மாத்திடறோம் சிஸ்டர்” என்றார்கள், மாற்றினார்கள். ஆனால் ஒருவர்கூட வந்து அம்மாவின் முதுகைப் பார்க்கவில்லை. இந்தச் சேவையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். மேற்பார்வையாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் மாதா மாதம் அந்தத் தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். தாளில் எழுதியதைச் சரிபார்க்க உடம்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டாவதாக வந்தவர் நல்ல மனசுக்காரர், நிறையப் பேசுவார், அம்மாவுக்காக வீட்டிலிருந்து பாயசம் கொண்டுவருவார். ஆனால் தூக்கி உட்காரவைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுப்பார். பக்கவாதம் வந்த தோள் பிடிமானம் இல்லாமல் தொங்கும், இழுத்தால் மூட்டு விலகும். அம்மா வலியில் முகத்தைச் சுளிப்பதை அவர் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார். மைலோவையும் படுத்த நிலையிலேயே கரண்டியால் கொடுத்தார். அம்மா இருமுவார், குரல் தண்ணீரில் முங்கியது மாதிரி இருக்கும். அப்படிக் குரல் மாறினால் பானம் தொண்டையில் தப்பான வழிக்குப் போகிறது என்று அர்த்தம். நிமிர்த்தி உட்காரவைத்து, டாக்டர் சொன்ன அளவுக்குக் கெட்டியாக்கி, மெதுவாகக் கொடுத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்காரவைத்திருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு நாள் செய்தார், மூன்றாம் நாள் பழைய மாதிரிதான். அன்பு மட்டும் போதாது என்று எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலையில் மூன்றாவதாக ஓர் அக்கா வந்தார். ஐம்பது தாண்டியவர், பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு, கதவோரம் நின்று அவர் குளிப்பாட்டுவதை முழுசாகப் பார்த்தேன்.

முதலில் சன்னலைச் சாத்தினார். “அம்மா, குளிக்கலாமா?” என்று கேட்டு, அம்மா “சரி” என்று சொல்லும்வரை காத்திருந்தார், அதற்கே ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தண்ணீரில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தார், அப்புறம் அம்மாவின் இடது கையை, உணர்ச்சி உள்ள கையை, வாளிக்குள் விட்டுக் காட்டினார். உடம்பு முழுக்கக் கைலியால் மூடி, கழுவும் இடத்தை மட்டும் திறந்து, கழுவித் துடைத்து உடனே மூடினார். முகத்தை அவர் கழுவவில்லை. துணியைப் பிழிந்து அம்மாவின் இடது கையில் கொடுத்தார். அம்மா தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டார், கோணல்மாணலாக, வாய்க்கு ஒரு பக்கம் விட்டுப்போனது. அந்த அக்கா அவசரப்படவில்லை. நான்கு மாதமாக எங்களில் யாருக்கும், எனக்கும்கூட, அந்தத் துணியை அம்மா கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும், இல்லையென்றால் சிறுநீரில் கிருமி ஏறும். அதைச் சொல்லாமலே செய்தார். இடுக்குகளைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார், பவுடர் டப்பாவைத் தொடவே இல்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பக்கம் போனார். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் இரண்டும் காற்றில் நிற்கும்படி விட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “தங்கச்சி, இங்க தொட்டுப் பாரு, இன்னும் சூடு இருக்கு” என்று அம்மாவின் முதுகைக் காட்டினார். தாளில் எழுதியதும் அதுதான்: இடம், அளவு, சூடு உண்டு. அடையாளக் கோடு போடவில்லை. ஆறு வாரத்தில் அந்தத் திட்டு மறைந்தது.

அம்மாவால் புகார் சொல்ல முடியாது. ஆனால் சேவையைப் பற்றிய முக்கியமான கருத்து அவரிடம்தான் இருந்தது, நான் பார்க்கத் தவறினேன். முதல் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், தூக்கம் என்று நினைத்தேன். இந்த அக்கா வந்தால் கண் வாசலில் இருக்கும். “வேணாமா?”, “சரியா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பேச முடியாதவர்களும் பதில் சொல்வார்கள், ஆள் போன பிறகு தனியாகக் கேளுங்கள்.

நேரம் இன்னொரு விஷயம். அம்மா காலை நாலு மணிக்கு விழித்துவிடுவார். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம், உடம்பு படுத்தும் அது படுக்கவில்லை. சேவை ஒன்பதுக்குத்தான் தொடங்கும் என்பது அவர்கள் வசதி. இடையில் ஐந்து மணி நேரம் நனைந்த பெம்பஸில் விழித்துக்கொண்டு கிடப்பது அம்மா. நானும் ஏழு மணிக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பேன். கேட்டுக்கேட்டு ஏழு மணிக்கு மாற்றினோம், அக்காதான் ஒத்துக்கொண்டார். நீங்கள் ஆளை எடுக்கும்போது அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்காதீர்கள், உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் தேவை என்று முதலில் எழுதி வையுங்கள்.

காசைப் பற்றி: நாளைக்கு 150, மாதம் கிட்டத்தட்ட 1,800 வெள்ளி. அதில் பாதிகூடத் தன் கைக்கு வருவதில்லை என்று அக்கா சொன்னார், மோட்டார் பெட்ரோலும் அவர் கணக்கில். நல்ல ஆள்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குக் கெபாஜிக்கான், அதாவது சமூகநலத் துறை, அந்த ஆண்டு மாதம் 500 வெள்ளி கொடுத்தது, வருமான வரம்பு உண்டு. அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸிகள் (நர்ஸ்கள்) வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு சேவை 2014 முதல் இருக்கிறது, டாமிசிலியாரி என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே கேட்டு வாங்க வேண்டும். தினமும் குளிப்பாட்ட வரமாட்டார்கள், ஆனால் திட்டைப் பார்த்து இது எந்தக் கட்டம் என்று எனக்குச் சொன்னது அந்த மிஸ்ஸிதான். முதியோர் இல்லங்களுக்குப் பதிவு, 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் எல்லாம் உண்டு. ஆனால் நம் வீட்டில் கதவைச் சாத்திய பிறகு பார்க்கும் கண் நம்முடையதுதான்.

“பெத்தவள வெளியாள் கையில விட்டுட்டா” என்று கோயிலில் என் காதுபடப் பேசினார்கள். அந்த அக்கா வந்த பிறகு அம்மா தன் முகத்தைத் தானே கழுவுகிறார், இடது கையால் தலை சீவப் பார்க்கிறார். அதை வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

டிசம்பர் கடைசியில் அக்காவை வேறு வீட்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அவர் வருவதானால் தொடர்கிறோம், இல்லையென்றால் யார் வந்தாலும் முதல் வாரம் மேற்பார்வையாளர் நேரில் நின்று குளியலைப் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்னோடு சேர்ந்து தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அக்கா ஏழு மணிக்கு வந்துகொண்டிருக்கிறார்.