உபுண்டு அப்டேட்: தானாகவா, கையாலா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சேர்வர் பதிப்பில் அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் என்ற பொதி (மென்பொருள் பக்கேஜ்) ஏற்கெனவே இருக்கும். வழமையாகப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதுவே நிறுவும். பிபிஏ எனப்படும், வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களைத் தொடாது. கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மாறினாலும் நீங்கள் சொல்லாமல் ரீபூட் செய்யாது. அதனால் பழைய கேர்னலே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கொழும்பில் பலர் கவனிக்காதது நேரம். நிறுவும் டைமர் காலை 6 மணிக்குப் பிறகு, ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதோவொரு கணத்தில் ஓடும். கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நமக்கு அது முற்பகல் 11.30 முதல் 12.30 வரை. கடையில் பில் போடும் நேரத்தில் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆனால் யார் பதில் சொல்வது? டைமரை 20.30 யூடிசிக்கு மாற்றினால் இங்கே அதிகாலை 2 மணி. டைமரில் நேரத்தைக் குறிக்கும் பழைய ஆன்கலண்டர் வரியை முதலில் வெறுமையாக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு நேரத்திலும் ஓடும்.

கையால் செய்தால் முதலில் புதிய பதிப்புகளின் விவரத்தை எடுக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளை, பிறகு மாறப்போகும் பொதிகளின் பட்டியலைப் பார்ப்பது, அதன் பின்தான் அவற்றை நிறுவும் ‘ஆப்ட் அப்கிரேட்’. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் போன்றவற்றை ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போட்டு நிறுத்தி வைக்கலாம், ஆனால் ஹோல்ட் போட்டதற்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. இடையில் கரண்ட் போனால், பாதியில் நின்ற நிறுவலை முடிக்க ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுக்கும் லொக் ஃபைலை மட்டும் அழிக்க வேண்டாம்.

சேர்வருக்குத் தானியங்கி, நேரத்தை மாற்றிய பிறகு. டேட்டா அளந்து பாவிக்கும் லேப்டொப்புக்குக் கையால் செய்வதே போதும், வாரம் ஒருமுறை.